மஞ்சள் நூல் கட்டிய கொள்ளு

என் அண்ணி பானுமதிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் ஏறித்தான் பழக்கம். அம்மா குள்ளம்மாள் வெங்காயம் பேரம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அண்ணன் மாதவராஜ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கேட்பதே ஷிப்ட் முடியும் சங்கு மாதிரி இருக்கும். இந்தச் சத்தத்துக்குள் கடத்தூரிலிருந்து ஐந்து வருடத்துக்கு முன் மருமகளாக வந்தவர் அண்ணி. வந்தவர் தன் குரலை உயர்த்தவில்லை. நாங்கள்தான் அவர் பேசும்போது மின்விசிறியை நிறுத்தக் கற்றுக்கொண்டோம்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறார். பாப்பாரப்பட்டியிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். இடம் கிடைக்காத நாட்களில் கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்றபடியே படிப்பார். பள்ளம் வரும் இடங்கள் அவருக்குத் தெரியும். பள்ளத்துக்குச் சற்று முன்னால் பக்கத்தில் விரலை வைத்து வரியைப் பிடித்துக்கொள்வார். பேருந்து தூக்கிப்போட்டு இறக்கியதும் அதே வரியிலிருந்து தொடர்வார். ஒரே பேருந்தில் போன ஒருநாள் இதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சாலையின் பள்ளங்கள் எனக்கும் மனப்பாடமாகிவிட்டன.

கல்லூரி வேலைக்கு நடுவே முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தார். ஆய்வு கொள்ளைப் பற்றியது. நாம் ரசம் வைக்கும் அதே கொள்ளு. அதன் செல்லுக்குள் நடக்கிற ஒரு குடிபெயர்ப்பைத்தான் அவர் தேடினார்.

செல்லுக்குள் உட்கரு இருக்கிறது. மரபணுக்களில் பெரும்பகுதி அங்கேதான். அதே செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்கிற சிறு உறுப்புகளும் உண்டு. செல்லின் ஆற்றல் அவற்றில்தான் உண்டாகிறது. ஆதியில் அது தனியாகத் திரிந்த ஒரு நுண்ணுயிர். செல்லுக்குள் குடிவந்தபோது தன் மரபணுக்களோடு வந்தது. பிறகு பல கோடி வருடங்களில் அவற்றில் சில தொலைந்தன, பல உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்தன. நம்மைப் போன்ற விலங்குகளில் அந்தப் போக்கு எப்போதோ ஏறக்குறைய நின்றுவிட்டது. செடிகளில் இன்னும் ஓயவில்லை. பயறு வகைகளில் ஒரு மரபணு பாதி வழியிலேயே பிடிபட்டிருக்கிறது. பட்டாணியில் அது பழைய இடத்திலிருந்தே வேலை செய்கிறது. தட்டைப்பயறிலும் பாசிப்பயறிலும் உட்கருவில் மட்டும்தான் இருக்கிறது. சோயாவில் இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஆனால் பழையது பேசுவதில்லை, அதாவது வேலை செய்வதில்லை.

இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் பேசும் செடி மிக அரிது. வத்தல்மலையில் கருப்பண்ணன் என்பவர் விளைவித்த ஒரு கருங்கொள்ளில் அதைப் பார்த்துவிட்டதாக அண்ணி நினைத்தார். ஒரே ஒருமுறை, ஒரே ஒரு சோதனையில்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "கலப்படமா இருக்கும்மா. மைட்டோகாண்ட்ரியாவ சுத்தமா பிரிச்செடுத்து இன்னொரு தடவ காட்டுங்க. இல்லன்னா அந்த அத்தியாயத்த எடுத்துடுங்க" என்றார்.

காட்டுவதற்கு விதை வேண்டும். அண்ணி மறுபடி மலையேறிப் போனபோது கருப்பண்ணன் கொள்ளை விட்டுவிட்டுக் காப்பியும் மிளகும் வைத்திருந்தார். "அத யாரு கண்ணு திங்கறா? மாடு கூட மொறைக்குது" என்றாராம். ஆக, அண்ணியிடம் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் கிடந்த கைப்பிடி கொள்ளுதான் மிச்சம். அது சரியாக முளைத்தால் அந்த அத்தியாயம் இருக்கும், இல்லாவிட்டால் போகும்.

இந்த வேலைக்கு நாற்றை இருட்டில்தான் வளர்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் இலையில் பச்சையம் சேர்ந்துவிடும். பச்சையத்தைத் தாங்குகிற உறுப்புகள் மைட்டோகாண்ட்ரியாவோடு ஒட்டிக்கொண்டு சுத்தமாகப் பிரிய விடாது. அப்படிப் பிரித்தெடுக்கிற பெரிய சுழல் இயந்திரம் பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஒருநாளைக்குக் கிடைத்திருந்தது. அது ஆடிப்பெருக்கு விடுமுறைக்கு அடுத்த நாள். கல்லூரி பூட்டிக் கிடக்கும். எனவே எங்கள் வீட்டில் ராகி மூட்டை அடுக்கும் உள்ளறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சன்னல் இல்லாத அறை அது.

எவர்சில்வர் தட்டுகளில் ஈரக் காகிதம் விரித்துக் கொள்ளைப் பரப்பினார். மேலே பழைய குடையின் கறுப்புத் துணி. உள்ளே போகும்போது கைகால் கழுவி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போவார். டார்ச்சில் பச்சைத்தாள் சுற்றியிருந்தது. உள்ளே இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. தட்டின்மேல் எச்சில் தெறித்துவிடுமாம். கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்:

"அத்த, இந்த ரூம யாரும் தொறக்காம பாத்துக்குங்க. நல்லபடியா மொளைக்கணும். அப்புறமா வெவரமா சொல்றேன்."

அம்மா விவரம் கேட்கவில்லை. அம்மா ஒரு விஷயத்தில் விவரம் கேட்காமல் இருந்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவும் ஆடியில்தான். வேண்டுதல் உள்ள பெண்கள் வீட்டில் இருட்டறையில் முளைப்பாரி போடுவார்கள். சுத்தமாக இருப்பார்கள், அதனிடம் போகும்போது பேச மாட்டார்கள். வெளிச்சம் படாமல் மஞ்சளாக வளர்ந்தால் அம்மன் கேட்டுக்கொண்டாள் என்று பொருள். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டால் பலிக்காது. அண்ணி செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக இதோடு பொருந்திப்போனது. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. படித்த பெண், வெளியே சொல்லக் கூச்சம். அம்மாவுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்காவிடம் மட்டும் அடக்கமாகச் சொல்லியிருக்கிறார். அதாவது தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

திருவிழா அன்று அண்ணி கல்லூரி முடிந்து பனிக்கட்டிப் பையும் தெர்மோகோல் பெட்டியும் வாங்கத் தருமபுரிக்குப் போயிருந்தார். அண்ணன் ஓசூரில், நான் வேலையில். சாயங்காலம் நானும் அண்ணியும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினோம். வாசலில் அம்மா மஞ்சள் சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றிருந்தார். முகம் கழுவிவிட்டது போல இருந்தது.

"உன்னால லீவு போட முடியலன்னு தெரியும் கண்ணு. நானே தூக்கிட்டுப் போயிட்டேன்."

"என்னதுங்க அத்த?"

"உன் மொளப்பாரிய. வேரெல்லாம் பின்னிப் பாய் மாதிரி கெடந்துது. அப்படியே அலுங்காம எடுத்துப் புதுச் சட்டியில செம்மண்ணு போட்டு வெச்சேன். எல்லாப் பாரியும் வெளிறிக் கெடந்துது. உன்னோடது தங்கம் மாதிரி. பூசாரியே கேட்டாரு யாரு வூட்டுப் பாரின்னு. ஏரியில கரைக்க மனசு வரல. கேட்டவங்களுக்கெல்லாம் புடி புடியா பிச்சுக் குடுத்துட்டேன்."

அண்ணி உள்ளறைக்குப் போய்ப் பார்த்தார். தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்து தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பனிக்கட்டிப் பை உருகி அவர் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தள்ளி வைக்கவில்லை.

"கொஞ்சம் கூட மீதி இல்லீங்களா அத்த?"

குரல் இறங்கியிருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்தது.

"ஏன் கண்ணு. நான் எதாச்சும்..."

இந்த இடத்தில் அண்ணி ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மாவைக் குற்றம் சொல்லிக் கத்தியும் இருக்கலாம். யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் அவர் அம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அது வேண்டுதல் இல்லை, ஆராய்ச்சிக்கான நாற்று, அந்த விதை வேறெங்கும் கிடையாது என்று முதலிலிருந்து சொன்னார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பெரிய பாவத்தப் பண்ணிட்டனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல நீயி."

"சொல்லியிருக்கணும். பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல சொல்லல. அது என் தப்புங்க அத்த."

"அப்படி என்னதான் இருக்குது அந்தக் கொள்ளுல?"

அண்ணி சற்று யோசித்தார். "நம்ம பெரியப்பா மகன் தனிக்குடித்தனம் போனாங்க இல்ல, மேல தெருவுக்கு. இங்க இருந்த அம்மிய மாதிரியே இன்னொண்ணு செஞ்சு எடுத்துட்டுப் போனாங்க. கொஞ்ச நாளு ரெண்டு வூட்லயும் அம்மி. அப்புறம் ஒரு வூட்ல அரைச்சா போதும்னு ஆயிடும். இன்னொரு அம்மி மூலையில கெடக்கும். செடிக்குள்ள அந்த மாதிரி ஒண்ணு நடக்குது. நம்ம கொள்ளுல ரெண்டு அம்மியும் இன்னும் ஓடுதுன்னு நான் நெனைக்கறேன். அதத்தான் பாக்கணும்."

"மேல தெருவுல அரைச்சா இங்க எப்படிக் கொழம்பு ஆவும்?"

"அரைச்சத இங்க குடுத்தனுப்பணும். யாரு வூட்டுக்குன்னு அது மேல ஒரு அடையாளம் இருந்தாத்தான் சரியா வந்து சேரும். அந்த அடையாளம் கெடைக்காததால வீணாப்போன மரபணு எத்தனையோ."

அம்மா ஏரிப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

"மொளப்பாரிய வாங்கினவங்க யாரும் தூக்கி எறிய மாட்டாங்க. வரப்புலயோ தொட்டி ஓரமோ நட்டுவெப்பாங்க. நட்டது பொழைச்சா காய்க்கும் இல்ல?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "காய்க்கும். கொள்ளுல பெரும்பாலும் தன் பூவுக்குத் தன் மகரந்தந்தான். ஆனா அவங்க வூட்டுக் கொள்ளோட கலந்துட்டா எனக்கு அடையாளம் தெரியாதுங்க."

"மஞ்ச நூல் கட்டிடறேன். ஆடு ஓட்டறவன் கூட வெலகிப் போவான்."

"வேண்டுதல்னு பொய் சொல்லக்கூடாதுங்க அத்த."

"பொய் என்ன பொய்யி? நீ வேண்டிக்கல. சட்டியத் தலையில வெச்சுக்கிட்டு நடந்தவ நானு. நான் வேண்டிக்கிட்டேன் இல்ல?"

"என்னன்னு?"

"அதக் கேக்கக்கூடாது" என்றார் அம்மா.

அன்றைக்கே இருவரும் கிளம்பினார்கள். அம்மா முன்னால் நூல்கண்டோடு, அண்ணி பின்னால் ஒரு சொம்புத் தண்ணீரோடு. ஒவ்வொரு வீட்டிலும் அண்ணி உண்மையைச் சொன்னார்: இது என் படிப்புக்கான கொள்ளு, காய்த்தால் விதையைத் தாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா நூலைக் கட்டிவிட்டு, இது சாமிக்கு நான் வேண்டிக்கொண்டது, யாரும் கை வைக்கக்கூடாது என்றார். இரண்டும் உண்மையாக இருந்ததில் ஊருக்கு ஒரு சிக்கலும் இருக்கவில்லை. பெங்களூரில் கிடைத்திருந்த நாளை அண்ணி மறுநாள் போன் போட்டு விட்டுக்கொடுத்தார். பேராசிரியர் என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அன்று அவர் தேய்த்த பாத்திரங்கள் எல்லாம் வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்தன.

பிறகு வந்த மாதங்களில் நான் பார்த்த அண்ணியைத்தான் எழுத நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தூங்கி எழுவதற்குள் ஒரு சுற்று போய் வந்துவிடுவார். சிலர் வீட்டில் நாற்று முதல் வாரமே அழுகியிருந்தது. ஒரு வீட்டில் கோழி கிளறிவிட்டது. கோழிக்கு நூலின் அர்த்தம் தெரியாது. செத்த செடி முன்னாலும் உட்கார்ந்து, ஏன் செத்தது என்று வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். பிழைத்த செடிகள் வரப்புகளிலும் குளியலறைச் சாக்கடை ஓரங்களிலும் கொடி வீசின. மழைக்கு நிறம் போன நூலை அம்மா போய்ப் புதிதாகக் கட்டுவார்.

பாஞ்சாலி அக்கா வீட்டில்தான் செடி நன்றாக வந்தது. அவர் வாய்க்கும் அப்படித்தான் செழிப்பு. ஒருநாள் குழாயடியில் பல பேர் இருக்கும்போது சொன்னார்:

"என்ன பானு, ஒங்க அத்த வேண்டின வேண்டுதலு கொடியிலதான் ஏறுது. வயித்துல ஏறக் காணமே."

குடம் வைத்த பெண்கள் எல்லாம் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "அது வேற டிபார்ட்மென்ட்டுங்க அக்கா. அங்க நான் கைய வெக்கறதில்ல" என்றார். பாஞ்சாலி அக்காவே முதலில் சிரித்தார். தெருவில் அந்தக் கேள்வி அதன்பின் வரவில்லை.

மார்கழியில் காய்கள் வெடிக்கத் தொடங்குமுன் விதைகள் வீடு வந்து சேர்ந்தன. கர்ச்சீப் முடிச்சில், தைலப் புட்டியில், கல்யாணத் தாம்பூலப் பையில், ஒரு குழந்தையின் பென்சில் டப்பாவில். எல்லாவற்றிலும் மஞ்சள் நூல் துண்டு ஒன்று இருந்தது. அண்ணி ஒன்றோடொன்று கலக்காமல், எந்த வீட்டுடையது என்று எழுதித் தனித்தனியாக வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"ஒருத்தர் சாட்சிய விட பல பேரு சாட்சி நல்லதில்லீங்களா தம்பி. ஒரு வூட்டுது பொய் சொன்னா இன்னொரு வூட்டுது காட்டிக்குடுக்கும்."

தை மாதம் உள்ளறையில் மறுபடி தட்டுகள். இந்த முறை கதவுக்கு வெளியே அம்மா ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ராகி எடுக்க வந்தபோது, "கொள்ளு பெங்களூரு போற வரைக்கும் உனக்குக் களி இல்ல" என்று திருப்பி அனுப்பினார்.

பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று பெங்களூருக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார இடம் கிடைத்தது. குளிர் அறையில் அண்ணி நாற்றுகளை உரலில் இட்டுச் சர்க்கரைக் கரைசலில் அரைத்தார், மெல்லிய துணியில் வடிகட்டினார், சுழல் இயந்திரத்தில் வைத்தார், அடியில் தங்கியதை எடுத்து மறுபடி வைத்தார். சமையல் மாதிரித்தான் இருந்தது, ஆனால் ருசி பார்க்க முடியாத சமையல். ஒவ்வொரு வீட்டுக் கொள்ளுக்கும் கையுறையை மாற்றினார். விரல்கள் விறைத்தபோது கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சிறு இடைவெளிகளில் மட்டும் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. கல்லூரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி, கைகழுவி, பிறகுதான் சொன்னார்.

"இல்லீங்க அத்த. ஒரு அம்மிதான் ஓடுது. பழசு இருக்குது, ஆனா ஓடல. எல்லா வூட்டுக் கொள்ளும் அதையேதான் சொல்லுது. நான் மொதல்ல பாத்தது கலப்படம்."

அம்மாவின் முகம் விழுந்தது. "அப்ப ஊரே வளத்தது வீணா?"

"ஓடுதுன்னு தப்பா எழுதியிருந்தாத்தான் வீணு. இன்னொருத்தர் அத நம்பி வருசக்கணக்கா தேடியிருப்பாங்க."

சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் பாத்திரம் உருளும் சத்தம் எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆசைப்பட்டதை விடுவது அவருக்கும் எளிதாக இல்லை.

பேராசிரியர் நல்லவிதமாகத்தான் சொன்னாராம்: அத்தியாயத்தை எடுத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள், மற்றவையே பட்டத்துக்குப் போதும். அண்ணி எடுக்கவில்லை. முதலில் பார்த்ததையும், அது எப்படிப் பிழை என்று தெரிந்ததையும் சேர்த்து எழுதினார். நன்றியுரையில் தெருவில் விதை தந்த வீடுகள் எல்லாம் பெயரோடு இருந்தன. கோழி கிளறிய வீடும் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைப்பில் போட்டிருந்ததை அண்ணி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மாவும் பாஞ்சாலி அக்காவும் இன்னும் சில பெண்களும் பட்டுச்சேலை கட்டி, ஒரு வேன் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் விவரமாகக் கேட்டார், அண்ணி விவரமாகப் பதில் சொன்னார். குரல் வழக்கம்போலத் தணிந்தே இருந்தது. யாரோ எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், அம்மாதான்.

முடிவில் தேர்வாளர் அரங்கைப் பார்த்து, "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்றார். வழக்கமான சம்பிரதாயம். பாஞ்சாலி அக்கா எழுந்தார்.

"ஏம்மா பானு, பழைய அம்மி ஓடலன்னு சொல்ற. ஓடாத அம்மிய அந்தச் செடி எதுக்கு இன்னும் வெச்சிருக்குது?"

அம்மி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தேர்வாளர் திகைத்துப் பேராசிரியரைப் பார்த்தார். அண்ணி சிரித்துவிட்டார். அந்த மேடையில் அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

"தூக்கிப்போட யாரும் இல்லீங்க அக்கா. தானா தேஞ்சுதான் போவணும். எத்தன லச்சம் வருசம் ஆவும்னு எனக்குத் தெரியல."

"எங்க மாமியா பொட்டி மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலி அக்கா உட்கார்ந்தார். தேர்வாளர் தலையைக் குனிந்துகொண்டு தாளில் ஏதோ எழுதினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பட்டம் உறுதியானபின் அண்ணி செய்த முதல் வேலை, மீந்த கொள்ளைப் பிரித்தது. விதைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தார். அதில் ஒரு பொட்டலம் வத்தல்மலைக்கு, கருப்பண்ணனுக்கு. மற்றதை வீட்டுக்கு ஒரு படி வீதம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் விதையை மறுபடி விதைத்ததில் ஊரில் அது நிறையவே விளைந்து எங்கள் வீட்டில் சேர்ந்திருந்தது. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாஞ்சாலி அக்கா முறத்தில் வாங்கிக்கொண்டு, ஒன்றிரண்டை விரலால் புரட்டினார்.

"இதுக்கும் நூல் கட்டணுமா?"

"வேண்டாங்க அக்கா" என்றார் அண்ணி. "இது கொழம்புக்கு."